லாரிகள் ஓடாத ஞாயிறு

எங்கள் ஸ்கேன் சென்டரில் எது கெட்டாலும் பழி லாரி மேல்தான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் வாசலை ஒட்டி வரிசை கட்டி நிற்கும். எம்.ஆர்.ஐ. மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினியர், "இவ்வளவு இரும்பு பக்கத்திலேயே நகர்ந்துக்கிட்டு இருந்தா காந்தத்துக்குக் கொஞ்சம் தொந்தரவு இருக்கலாம்" என்று போகிறபோக்கில் சொன்னார். அப்படிச் சொன்னவர்தான் சுவருக்குள் செம்புத் தகடு அடித்து, எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டும் போனார். ஆறு வருடம் ஆகிறது. எங்கள் மனதில் நின்றது அந்த ஒரு வரி மட்டும். படம் மங்கினால் லாரி. ஏசி நின்றால் லாரி. பக்கத்து அறையில் சி.டி. ஸ்கேன் பார்க்கும் நோயல் அண்ணன் ராயபுரத்திலிருந்து தாமதமாக வந்தாலும், "இன்னா பண்ணச் சொல்ற குணா, ஒரே லாரி" என்பார். அவர் வீடு நடந்தால் பத்து நிமிடம்.

அதனால் ஜஸீமா என்ற பெண்ணுக்கு நான் எடுத்த எம்.ஆர்.ஐ. படம் கோளாறாக வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. பதிவேட்டில் "லாரி அதிர்வு, மறுபடி எடுக்கவும்" என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த வரியை இப்போதும் சில சமயம் எடுத்துப் பார்க்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. அவளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம். வலது இடுப்பில் இரண்டு மாதமாக வலி. கூட வந்த அம்மா ரஹீமுன்னிசாவின் கையில் ஒரு துணிப்பை நிறைய ரிப்போர்ட்டுகள். வண்ணாரப்பேட்டையில் அவர் கணவர் அமீருக்குக் கறிக்கடை. கடையை ஒட்டி காலையில் பாயாவும் நல்லி சூப்பும் விற்பார்கள்.

"எல்லாம் நார்மல்னே வருதும்மா" என்றார் ரஹீமுன்னிசா. "ரத்தம் நார்மல், கிட்னி நார்மல், எக்ஸ்ரே நார்மல். வலி மட்டும் கீது. டாக்டரு சதைப்பிடிப்புன்னு மாத்திரை குடுத்தாரு. இவ அத்தா என்னடான்னா, காலேஜுக்கு மட்டம் போட நடிக்கிறான்னு சொல்லிகினு கீறாரு."

"நடிக்கல" என்றாள் ஜஸீமா. அதைச் சொல்லும்போதும் அவளுக்குக் கோபம் வரவில்லை.

உடை மாற்றும் அறையில் அவளுக்கு எங்கள் பச்சை அங்கியைக் கொடுத்தேன். அவள் அதற்குள் நுழைந்ததும் அது ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி தொங்கியது. முன்கையில் பூனைமுடி. விரல் நுனிகள் லேசாக நீலம் பாரித்திருந்தன. ஏசி குளிர் என்று நினைத்தேன். இதையெல்லாம் பார்த்தேன் என்பதை இப்போது நினைவுபடுத்திச் சொல்கிறேன். அன்று எனக்குள் ஓடியது வேறு. நான் எண்பத்து நான்கு கிலோ. பள்ளிக்கூடத்தில் என் பெயர் குணசுந்தரி இல்லை, டிரம்மு. முப்பது வருடமாகக் கண்ணாடியில் என்னைப் பாதிதான் பார்க்கிறேன், கழுத்துக்கு மேலே. அப்படிப்பட்ட ஒருத்தி, ஊசி போல ஒரு பெண் எதிரே நின்றால் என்ன சொல்வாளோ அதைத்தான் சொன்னேன்.

"எவ்ளோ ஸ்லிம்மா அழகா கீற. இன்னா சாப்புடறன்னு எனக்கும் சொல்லேன்."

அவள் சிரித்தாள். ஓட்டப் பந்தயத்தில் முதலாக வந்த குழந்தை மேடையில் நின்று சிரிக்கிற மாதிரி.

நான் எடுப்பது இரண்டு விதப் படம். முதல் படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். வளர்ந்த மனிதரின் இடுப்பெலும்புக்குள் பெரும்பாலும் கொழுப்புதான் நிறைந்திருக்கும், ஆகவே எலும்பின் உள்ளே வெள்ளையாக இருக்கும். இரண்டாவது படத்தில் கொழுப்பை அணைத்துவிடுவோம். அது கறுத்துப் போகும், நீர் மட்டும் வெள்ளையாகத் தெரியும். எலும்பில் எங்காவது விரிசல் இருந்தால் அந்த இடத்தில் நீர் கோத்திருக்கும். கறுப்பு எலும்புக்குள் ஒரு வெள்ளைத் தீற்றல். அதைத் தேடத்தான் இத்தனை பெரிய மெஷின்.

ஜஸீமாவுக்கு எல்லாம் தலைகீழாக வந்தது. முதல் படத்தில் எலும்பு கறுப்பு. இரண்டாவதில் வெள்ளை, அதுவும் ஓர் இடத்தில் இல்லை, இடுப்பு முழுக்க, இரண்டு தொடை எலும்பிலும். கொழுப்பை அணைக்கிற வேலை நடக்கவே இல்லை என்பது போல இருந்தது. பக்கத்தில் இரும்பு இருந்தால் அப்படி ஆவதுண்டு. உள்ளே போய், "பின் எதாச்சும் விட்டுட்டியா, நல்லா பாரு" என்றேன். தலையில் போட்டிருந்த துணியிலிருந்து எடுத்த பின்களை வெளியே கிண்ணத்தில் எண்ணிப் போட்டிருந்தாள். ஒன்றுகூட மிச்சமில்லை. இன்னொரு முறை எடுத்தேன். அதேதான். வெளியே நாற்பதடி டிரெய்லர் ஒன்று மூச்சிரைத்துக்கொண்டு நகர்ந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ரிப்போர்ட் எழுதும் டாக்டர் அருள்பிரகாசம் வீட்டிலிருந்தே கணினியில் படம் பார்ப்பார். அவரும் போனில், "டெக்னிக்கல் ஃபெயிலியர் குணசுந்தரி, இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை லாரி குறைவா இருக்கும்போது எடுத்துடுங்க" என்றார்.

ஜஸீமா வந்த அதே நடையில் வெளியே போனாள். வலது கால் தரையைத் தொடும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

*

ஞாயிறன்று லாரி குறைவாக இல்லை, ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமையே டிரெய்லர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தார்கள். காலியான சாலையைப் பார்க்கவே விசித்திரமாக இருந்தது. இவ்வளவு அகலமா இந்த ரோடு என்று நோயல் அண்ணன் வாசலில் நின்று அதிசயப்பட்டார். மீன்பிடி துறைமுகத்துக் காக்கைகளின் சத்தம் இங்கே வரை கேட்டது.

ஜஸீமா முதலில் வந்தாள், தனியாக, வியர்வையோடு, ரிப்போர்ட் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. அம்மா கடை வேலையை முடித்துவிட்டுப் பின்னால் ஆட்டோவில் வருகிறாராம்.

"நடந்தா வந்தே, வண்ணாரப்பேட்டையிலேர்ந்து?"

"நடந்தா நல்லதுக்கா."

"வலிக்கலையா?"

"வலிக்கும். பழகிடுச்சு."

அரை மணி நேரத்தில் படம் திரையில் வந்தது. லாரி இல்லை. பின் இல்லை. எலும்பு கறுப்பு, பிறகு எலும்பு வெள்ளை. வியாழக்கிழமை எடுத்ததை அப்படியே நகல் எடுத்தது போல.

மெஷின் கெட்டுவிட்டது என்று எண்ணினேன். இந்த வாரத்தில் எத்தனை பேருக்குத் தப்பான படம் எடுத்திருக்கிறேனோ என்ற பயம். மெஷினைச் சோதிக்க ஒரே வழி, நோய் இல்லாத ஒருவரைப் படுக்க வைத்து எடுப்பது. நோயல் அண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, அவர் வரமாட்டார்.

"நீயே பட்துக்கோ, நான் பட்டனைத் தட்றேன்" என்றார். "உன்ன உள்ள தள்ளணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசை."

பதினான்கு வருடமாக ஆட்களை இந்த மாதிரிக் குழாய்களுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நான் உள்ளே போனதில்லை. இடம் போதாது என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வேன். உண்மையில் என் உடம்பின் உள்ளே பார்க்கும் விருப்பம் எனக்கு இருந்ததே இல்லை. வெளியே தெரிவதே போதும் என்று இருந்தேன். இப்போது தோள்கள் இரண்டு பக்கமும் உரச, மூக்குக்கு நேரே வெள்ளைக் கூரை. தட்டல் சத்தம் தொடங்கியது. சத்தம் காதுக்குள் வரவில்லை, எலும்புக்குள் வந்தது. "அசையாதீங்க" என்று தினமும் இருபது பேருக்குச் சொல்லும் வார்த்தையை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன்.

என் இடுப்பெலும்பு முதல் படத்தில் உடைத்த தேங்காயின் உட்புறம் போல வெள்ளையாக இருந்தது. அவ்வளவு சுத்தமான வெள்ளை. இரண்டாவது படத்தில் அது அப்படியே அணைந்து கறுத்தது. பாடப் புத்தகத்தில் போடலாம். மெஷின் நன்றாக இருந்தது. நான் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளாமலே, நான் திட்டித் திட்டி வளர்த்த இந்த உடம்பு, எலும்பின் ஆழத்தில் எனக்காகக் கொழுப்பை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. எத்தனை உபவாசம் இருந்திருக்கிறேன், எத்தனை நாள் வெந்நீரும் கொள்ளுமாக இருந்திருக்கிறேன். அதையெல்லாம் மன்னித்துவிட்டது போல அந்த வெள்ளை அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. நோயல் அண்ணன் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அடுத்த எண்ணம் வந்தது. மெஷின் நன்றாக இருக்கிறது என்றால், ஜஸீமாவின் படமும் உண்மை.

டாக்டர் அருள்பிரகாசத்தை அழைத்தேன். என் படத்தையும் ஜஸீமாவின் படத்தையும் அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மஜ்ஜை முழுக்க என்னமோ பரவியிருக்கு. ரத்த எண்ணிக்கை எவ்வளவு?"

துணிப்பையிலிருந்து எடுத்துச் சொன்னேன். வெள்ளை அணுக்கள் சற்றுக் குறைவு, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ரத்தப் புற்றுநோயா இருக்கலாம். இப்போ எதுவும் சொல்லிடாதீங்க. மஜ்ஜையில ஊசி போட்டுப் பார்க்கணும். அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதறேன். இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பிடுங்க."

நோயாளியிடம் டெக்னீஷியன் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நானும் திறந்ததில்லை. அன்று ரஹீமுன்னிசா ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக என் அறைக் கதவில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். மெஷினைத் தவிர வேறு யாரையாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

"சின்ன வயசுல இவளுக்கு ஏதாச்சும் ஆபரேஷன், பெரிய காய்ச்சல்..."

"ஒண்ணும் இல்லம்மா" என்றவர் திரையைப் பார்த்தார். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "இது இன்னா?"

"இது தொடை எலும்பு. உள்பக்கம்."

"நல்லியா?"

"ஆமா, நல்லிதான்."

அவருக்கு அந்த வார்த்தை ஒரு திறவுகோல் போல இருந்திருக்க வேண்டும். கிட்டே வந்து குனிந்தார். வருடக்கணக்காக விடியற்காலையில் நல்லி எலும்பைத் தட்டி உடைத்துக் கொதிக்க வைக்கிற கை, திரையில் என் எலும்பைத் தொட்டது.

"வெள்ளையா கீதே, இதான் கொழுப்பு?"

"ஆமாக்கா. இது என்னோடது."

"நல்ல நல்லி" என்றார், கடையில் சரக்கு பார்க்கிற குரலில். சொன்ன பிறகு கூச்சப்பட்டு என் கையைத் தட்டினார். "தப்பா எடுத்துக்காதம்மா." பக்கத்துப் படத்தைக் காட்டினார். "அப்ப இது எந்த ஆடு... இது யாருது?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவர் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார். "ஒரு வருசம் மழை இல்லாம ஆந்திராவுலேர்ந்து காஞ்ச ஆடா வந்துச்சு. அறுத்தா வெளிய பாக்க ஒண்ணும் தெரியாது. ஈரல் கீது, கறி கீது, எல்லாம் கீது. எலும்ப ஒடச்சா உள்ள நல்லி இல்ல. ஜெல்லி மாதிரி, தண்ணியா, கண்ணாடியாட்டம் கெடக்கும். சூப்பு வாங்குறவன்லாம் இன்னா பாய் தண்ணிய ஊத்துறன்னு சண்டைக்கு வருவான். எங்க வூட்டுக்காரரு சொல்வாரு, ஆட்டுக்குப் பசி எடுத்தா மொதல்ல வெளிக் கொழுப்பத் தின்னும், அப்புறம் சதையத் தின்னும், கடைசியா ஒண்ணுமே கெடைக்கலன்னாதான் நல்லியத்..."

நின்றுவிட்டார்.

அவர் கை திரையிலிருந்து மெதுவாக இறங்கியது. என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் காலியாக இருந்த மெஷின் படுக்கையைப் பார்த்தார்.

"அது எம் பொண்ணா?"

"ஆமாக்கா."

"அவ சாப்புடறாளே" என்றார். பிறகு, "சாப்புடறா இல்ல?" என்று என்னையே கேட்டார்.

அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னார். கடை வேலைக்காக அவரும் கணவரும் விடிவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுவார்கள். மதியம் ஆளுக்கொரு நேரம் சாப்பாடு. ஜஸீமா காலையில் அத்தாவோடு சாப்பிட்டேன் என்பாள், அத்தாவிடம் அம்மாவோடு என்பாள். திங்கள், வியாழன் நோன்பு. ரமலானில் விட்ட நோன்பை வைக்கிறேன் என்று இன்னும் சில நாள். "தெருவே சொல்லும்மா, அமீர் பாய் பொண்ணு மாதிரி பயபக்தியா ஒரு பொண்ணு உண்டான்னு. நான் பெருமையா கேட்டுகினு இருந்தேன். ஒடம்புக்கு முடியாதவங்களுக்கு நோன்பே கடமையில்ல. அல்லா அத கேக்கல. இவ அவன் பேரச் சொல்லி..." முடிக்காமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

நான் டாக்டரை மறுபடி அழைத்தேன். ஆட்டைப் பற்றிச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார். "அம்மா, அந்த எலும்புக்குள்ள எப்படி இருந்துச்சுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

ரஹீமுன்னிசா சொன்னார். ஜெல்லி என்றார், கண்ணாடி மாதிரி என்றார், விரலில் ஒட்டாது என்றார். முப்பது வருட அனுபவமுள்ள டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"படிக்கிற காலத்துல ஒரு பக்கம் படிச்சிருக்கேன்" என்றார் கடைசியில். "கண்ணால பார்த்ததில்லை. பார்த்தா மெஷின் கோளாறுன்னுதான் தோணும்னு அதுலயே போட்டிருந்தது. எனக்கும் அப்படித்தான் தோணிச்சு." பிறகு அவர் குரல் மாறியது. "அந்த ரிப்போர்ட்டை எல்லாம் தூக்கி ஓரமா வைங்க. கிட்னி நம்பர் சதையிலேர்ந்து வர்றது. சதையே இல்லைன்னா நம்பர் அழகாத்தான் இருக்கும். ஆனா இப்போ அவசரம் அது இல்லை. அவளுக்கு வலி எங்கே?"

"வலது இடுப்பு."

"விரிசல் இருந்தா இந்தப் படத்துல தெரியாது. எல்லாமே வெள்ளையா இருக்கறதுல வெள்ளைத் தீற்றலை எங்கே தேடறது? சி.டி. எடுங்க. உடனே. அவளை நடக்க விடாதீங்க."

நிமிர்ந்து கண்காணிப்புத் திரையைப் பார்த்தேன். வரவேற்பு வராந்தாவில் ஜஸீமா நடந்துகொண்டிருந்தாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. சுவரை விரல் நுனியால் தொட்டுத் திரும்பி, மறுபடி அந்தச் சுவருக்கு. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அப்படி நடந்திருக்கிறாள். உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"உக்காரு."

"எதுக்குக்கா? இன்னும் அறுநூறு ஸ்டெப்தான் பாக்கி."

"ஜஸீமா, உக்காரு."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், உட்கார்ந்தாள். நான் அவள் முன்னால் மண்டியிட்டேன். அந்த முகத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். கண்ணுக்கடியில் எலும்பின் விளிம்பு தெரிந்தது.

"நீ சாப்புடறதில்ல" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எல்லா டெஸ்ட்டும் நார்மல். வேணா பாருங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒவ்வொரு தடவையும் நான் பயந்துகினேதான் ரிப்போர்ட் வாங்கப் போவேன். இந்த வாட்டி மாட்டிப்போம்னு. நார்மல்னு வரும். அப்ப இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்னு தோணும். அவங்களே பர்மிஷன் குடுத்த மாதிரி."

நான் அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தது போல இருந்தது.

"நீங்ககூட சொன்னீங்களே" என்றாள். குற்றம் சாட்டும் தொனியே இல்லை. "ஸ்லிம்மா அழகா கீறன்னு. அன்னைக்கு பூரா அதே நெனச்சிகினு இருந்தேன். ராத்திரி ஒண்ணும் சாப்புடல."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சி.டி. அறைக்குப் போகும் அந்தப் பதினைந்தடி தூரம் எனக்கு இன்னும் முடியவில்லை.

நோயல் அண்ணன் வேடிக்கை எதுவும் பேசாமல் வேலை செய்தார். அவளைத் தூக்கிப் படுக்க வைத்தபோது அவர் கைகள் எதிர்பார்த்த எடை இல்லாமல் மேலே போய்விட்டன. தடுமாறி, பிறகு மெல்லக் கிடத்தினார். சி.டி. எலும்பின் சுண்ணாம்பைப் பார்க்கிறது. அதற்குக் கொழுப்பும் நீரும் பொருட்டில்லை. ஐந்தே நிமிடத்தில் தொடை எலும்பின் கழுத்தில் அந்தக் கோடு தெரிந்தது. தலைமுடி அளவு. பாதி தூரம் வரை வந்து நின்றிருந்தது. மீதிப் பாதிதான் அவளை வண்ணாரப்பேட்டையிலிருந்து இதுவரை சுமந்து வந்திருந்தது. ரயில்வே மேம்பாலத்துப் படிகளில் தினமும் ஏற்றி இறக்கியிருந்தது. இப்போது வராந்தாவில் சுவருக்குச் சுவர் நடத்தியிருந்தது.

"ஆண்டவரே" என்றார் நோயல் அண்ணன், மெதுவாக.

நான் பயப்படவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம் இல்லை. தன் கடைசிச் சேமிப்பு வரை எடுத்துக் கொடுத்துவிட்டு, இதயம் நிற்காமல் பார்த்துக்கொண்டு, கண் பார்க்க, கால் நடக்க, பரீட்சை எழுத, சிரிக்க விட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை புகார் சொல்லாமல் இருந்த அந்த முப்பத்து மூன்று கிலோ உடம்பின் முன்னால் நான் கைகட்டி நின்றேன். எத்தனை மெஷின் கேட்டும் அது காட்டிக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு முடியளவு கோட்டில் மட்டும் பேசியது. அதையும் வெள்ளைக்குள் மறைத்து வைத்துக்கொண்டது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது ரஹீமுன்னிசா அவள் காதருகே குனிந்து, "வூட்டுல பிரியாணி செஞ்சு எடுத்தாரேன், வயிறு நெறய துன்னுடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். டாக்டர் போனில் கத்தாத குறையாகத் தடுத்தார். இவ்வளவு நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சோறு போட்டால் இதயம் நின்றுவிடலாமாம். ஆஸ்பத்திரியில் கரண்டிக் கணக்கில் தொடங்குவார்களாம். ரஹீமுன்னிசா என்னைப் பார்த்தார். சோறு கூட ஆபத்தாகிற இடம் ஒன்று உண்டு என்பதை நாங்கள் இருவரும் அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

*

கத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதம் அவள் வலது கால் தரையில் படவில்லை. இடுப்பு டாக்டர், மனநல டாக்டர், சாப்பாட்டு அட்டவணை போட்டுக் கொடுக்கும் ஒரு பெண் என்று மூன்று இடம் போனார்கள். இரண்டு முறை மறுபடி எடை இறங்கி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அமீர் பாய் கடையை மதியம் ஒரு மணி நேரம் மூடத் தொடங்கினார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இதெல்லாம் ரஹீமுன்னிசா எனக்குப் போனில் சொன்னது. நான் அழகு பற்றி யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அது நான் நினைத்ததைவிடக் கடினம். ஒரு நாளில் எத்தனை தடவை அந்த வார்த்தை வாய்வரை வருகிறது என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

பதினோரு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்க வந்தாள். ஆட்டோவில் வந்தாள். வெளியே வழக்கம்போல லாரி வரிசை, ஹாரன், டீசல் புகை. மெஷின் தன் வேலையைச் செய்தது. யாரும் லாரியைப் பற்றிப் பேசவில்லை.

ரிப்போர்ட் டாக்டரிடம்தான் போகும். ஆனாலும் அவர்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டேன். இந்த ஒரு குடும்பத்துக்காக அந்த முதல் பாடத்தை நான் எப்போதோ மீறிவிட்டேன்.

முதல் படம். எலும்பு இன்னும் பெரும்பாலும் கறுப்புதான். ஆனால் தொடை எலும்பின் மேல்முனையில், வெளிப்பக்கமாக, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளை இருந்தது. அதன் விளிம்பு மங்கலாக, இப்போதுதான் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

"நல்லி வருதா?" என்றார் ரஹீமுன்னிசா.

"வருதுக்கா."

ஜஸீமா திரைக்கு மிக அருகில் வந்தாள். என்னால் அவள் முகத்தைப் படிக்க முடியவில்லை. பயமா, வெறுப்பா, தெரியவில்லை. கொழுப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே அழுகிற பெண் அவள் என்று அம்மா சொல்லியிருந்தார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள்.

"நீ சாப்பிட்டதுலேர்ந்து."

"கஞ்சி, முட்டை, அதுலேர்ந்தா?"

"அதுலேர்ந்துதான்."

"நான் கேக்கவே இல்லயே" என்றாள். "அதுவா எடுத்துகினு போயி உள்ள வச்சிருக்கு?"

இதே வியப்பு எனக்கும் வந்திருந்தது, இதே நாற்காலியில். அவளிடம் சொல்லவில்லை. கணினியில் 'சோதனை' என்ற பெயரில் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தைத் திறந்து, அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது யாரு?"

"நான்."

"இவ்ளோவா?" சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். "சாரிக்கா."

"எதுக்கு சாரி. உங்கம்மாவே நல்ல நல்லின்னு சர்டிபிகேட் குடுத்தாங்க."

ரஹீமுன்னிசா தலையில் அடித்துக்கொண்டார். ஜஸீமா சிரித்தாள். பல்லெல்லாம் தெரிகிற கோணல் சிரிப்பு. மேடையில் நிற்கிற சிரிப்பு இல்லை.

பதினொன்றரை மணி ஆனதும் அவள் போன் சிணுங்கியது. சாப்பாட்டு நேரம். வரவேற்பில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். சேமியா உப்புமா. மனநல டாக்டர் ஒன்று சொல்லியிருக்கிறாராம், பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் எதிரே உட்கார்ந்து வாயைப் பார்க்கக் கூடாது. ரஹீமுன்னிசா அதை எங்களுக்குக் கண்ஜாடையில் சொன்னார். அதனால் அவரும் நானும் நோயல் அண்ணனும் வாசலுக்கு வந்து, முதுகை அவள் பக்கம் காட்டிக்கொண்டு, லாரிகளைப் பார்த்தோம்.

சிவப்புக் கன்டெய்னர், நீலம், மறுபடி நீலம். ஒவ்வொன்றாக நகர்ந்து நின்றன. பின்னால் டப்பாவில் ஸ்பூன் படுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் கேட்கவில்லை. ரஹீமுன்னிசாவின் விரல்கள் கதவுக் கம்பியை இறுக்கிப் பிடித்தன.

பிறகு மறுபடி கேட்டது.